இரண்டாவது பெரியவர்

சாரணர் கூட்டம் நடக்கும் மாலைகளில், நோர்வேயின் வெஸ்ட்லியில் எங்கள் குடியிருப்பு மண்டபத்துக்கு வெளியே உள்ள தரிப்பிடத்தில் எப்போதும் ஏழெட்டுக் கார்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் இருப்பார், சிலவற்றில் இருவர். இருக்கைச் சூட்டை ஏற்றிவிட்டு, கைப்பேசி வெளிச்சம் முகத்தில் விழ, கூட்டம் முடியும்வரை அசையாமல் இருப்பார்கள். மண்டபத்துக்குள் நான் இன்னொரு பெரியவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழு மூடப்பட்ட கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஓய்வூதியக்காரிக்கு நேரம் இருக்கிறது.

விதி எளியது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். இருவரும் பொலிஸ் நற்சான்று காட்டியிருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் தனியாகக் கூட்டம் நடத்த முடியாது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். நான் இந்த நகரத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். விதிகளை வெறுப்பவர்களைத்தான் அங்கே அதிகம் சந்தித்தேன். பல்கனிக்குக் கண்ணாடி போட்டு முடித்த பிறகு அனுமதி கேட்டு வருவார்கள். எனக்கு விதிகள் பிடிக்கும். யாருக்கோ எங்கேயோ சுட்டிருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு விதியின் பொருளும். இந்த விதியும் ஏதோ ஒரு பிள்ளைக்கு ஏதோ நடந்த பிறகு எழுதப்பட்டதாகவே இருக்கும். அதில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அது எங்களைக் கொன்றது, அவ்வளவுதான்.

நானே அந்த விதியால் உள்ளே இழுக்கப்பட்டவள். ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் குடியிருப்புச் சங்க நிர்வாகத்தில் இருந்தேன். மண்டபத்துச் சாவி என்னிடம். ஒரு மாலை கதவைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது குழுத் தலைவர் வழிமறித்தார். அவர் நோர்வேஜியர், சுரங்க ரயில் ஓட்டுநர். ஐந்தாம் வழியின் கடைசி நிலையமான வெஸ்ட்லியில் வந்து இறங்கி, ஒரு சீருடையைக் கழற்றி இன்னொரு சீருடையைப் போடுகிறவர். இரண்டாவது ஆளுக்கு இன்று பல் பிடுங்கியிருக்கிறார்கள், இந்த ஒரு மாலை மட்டும் நீங்கள் அந்தக் கதிரையில் இருந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்கியவர் திரும்பி வரவே இல்லை.

அன்று என்னிடம் பொலிஸ் நற்சான்று இருக்கவில்லை என்பதை மறுநாள் நானே தொலைபேசியில் அவருக்குச் சுட்டிக்காட்டினேன். விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். எப்படிப்பட்டவளைப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதே விளங்கியிருக்கும். சில மாதங்களில் மண்டப முன்பதிவு, காப்புறுதி, நெருப்பு மூட்டுவதற்கான அனுமதி, நகரசபை உதவிக்கான விண்ணப்பம் எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டன. அவருக்குக் காடு, எனக்குக் கடதாசி. ஏழு வருடம் அப்படிப் போனது. இடையில் எனக்கும் கொஞ்சம் காடு பழகியது. நனைந்த விறகில் பூர்ச்ச மரப் பட்டையை வைத்து நெருப்பு மூட்டுவேன். அறுபது வயதுக்குப் பிறகு கற்றதில் எனக்கு உண்மையாகவே பயன்பட்டது அது ஒன்றுதான்.

முதலில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கவில்லை; இருந்த சிலரும் வளர்ந்து விலகிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு தாய் தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். அவர் அதைக் கோவிலில் யாரிடமோ கதைத்திருக்க வேண்டும். அடுத்த கிழமை கதவடியில் ஒரு வரிசை நின்றது. எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"இதில கிறேட் சோதினை இருக்கோ ரீச்சர்?"

"இல்லை."

"அப்ப பிள்ளை படிச்சிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்?"

"காட்டுக்குள்ள விட்டால் தெரியும்."

சிரித்தார்கள். நான் ஒருநாளும் படிப்பித்தவள் அல்ல என்று சொல்லியும் பயனில்லை. பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டுகிறவள் ரீச்சர்தான். ஒரு தகப்பன் தன் மகனை முன்னே தள்ளி, "கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்சாலும் நான் கேக்கமாட்டன் ரீச்சர்" என்றார். "அப்பிடிச் சொல்லாதேங்கோ, இஞ்சை அதைக் கேக்கிறதுக்கு எண்டே ஒரு கந்தோர் இருக்கு" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். பிள்ளையை ஒப்படைத்த நிம்மதி அது. ஒப்படைத்தால் முழுதாக ஒப்படைப்பது எங்கள் வழக்கம். வகுப்புக் கதவு வரைக்கும் பெற்றோர். அதற்கு அப்பால் ரீச்சர். உள்ளே வந்து குந்தியிருந்தால் ரீச்சரை நம்பவில்லை என்று அர்த்தம். மரியாதை தெரிந்த எவரும் அதைச் செய்யமாட்டார்கள்.

அவர்களோடு போன முதலாவது கூடாரப் பயணத்திலேயே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். ஏரிக்கரையில் கூடாரங்களை அடித்து, பிள்ளைகள் தடியில் மாவைச் சுற்றிச் சுட்டுத் தின்று முடித்த நேரம், காட்டு வழியால் பெற்றோர் வரிசையாக நடந்து வந்தார்கள். கையில் சாப்பாட்டுப் பாத்திரங்கள். ஏதோ அவசரம் என்று பயந்துபோனேன்.

"ஒண்டுமில்லை ரீச்சர். படுக்கிறதுக்கு வீட்டை கொண்டுபோட்டு விடிய வெள்ளணக் கொண்டுவந்து விடுறம். கூடாரம் அப்பிடியே நிக்கட்டும்."

அப்படியே நின்றது. ஜூன் மாதத்து இருளாத இரவில், வெறுங் கூடாரங்களுக்கு நானும் ரயில் ஓட்டுநரும் காவல் இருந்தோம். பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். அவளுடைய தகப்பன் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு வேலை, ஆகவே தப்பினாள். விடியற்காலை மழை பெய்தது. நான் எழும்பி வெளியே வந்தபோது அவள் குந்தியிருந்து, நனைந்த விறகை வெட்டுக்கத்தியால் சீவிச் சீவி, நடுவில் காய்ந்திருந்த பகுதியை எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தீப்பெட்டியைத் தொடவிடாத பிள்ளை. அவள் மூட்டிய நெருப்பில்தான் அன்று எங்கள் இருவருக்கும் கோப்பி கொதித்தது. மற்றப் பிள்ளைகள் குளித்து, தலை இழுத்து, பத்து மணிபோல் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு கோடை போன பிறகு எல்லாப் பிள்ளைகளும் இரவு தங்கினார்கள். வெற்றி என்று அந்தக் காலத்தில் நான் நினைத்தது அதைத்தான்.

போன இலையுதிர்காலத்தில், கேத்தலைக் கழுவிக்கொண்டு, ரயில் ஓட்டுநர் சொன்னார். ஸ்தவாங்கரில் இருக்கும் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, அவர் ஓய்வு பெற்று அங்கேயே போகிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீர்கள், வெளியே இவ்வளவு பெற்றோர் இருக்கிறார்களே. ஒருவர் வருவார்" என்றார்.

அவர் அதை நம்பினார். நோர்வேயில் இதற்கு டுக்னாட் என்று ஒரு சொல் இருக்கிறது. கூலியில்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை. வசந்தத்தில் முற்றம் கூட்டுவதில் இருந்து பிள்ளைகளின் பந்தாட்டம் வரை அதில்தான் ஓடுகிறது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகும். திருவிழாவுக்கு நித்திரை முழித்துச் சமைப்பார்கள். செத்த வீட்டுக்குக் கூப்பிடாமலே ஓடுவார்கள். ஆனால் அதெல்லாம் தங்களுடைய வேலை. இது ரீச்சருடைய வகுப்பு.

மாசி மாதக் கூட்டம் ஒன்றின் நடுவில், ரயில் ஓட்டுநரைக் கண்ணாடிக் கதவு வழியே என் கண்ணில் படும்படி உள்ளே விட்டுவிட்டு, கார் காராகப் போனேன். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. முதலாவது கார் அந்தப் பேருந்து ஓட்டுநருடையது, சாம்பல் நிறம். கண்ணாடியில் தட்டினேன். பாதி இறங்கியது.

"என்ன ரீச்சர், பிள்ளை குழப்படியோ?"

"இல்லை. உள்ளுக்கு வந்து ஒரு கதிரையில இருக்க ஏலுமோ?"

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. நடக்காமல் இருக்கத்தான் ஒரு ஆள் வேணும். வாற மாதத்தில இருந்து என்னோடை இரண்டாவது ஆள் இல்லை."

"ஐயோ ரீச்சர், உங்களைவிட ஆர் வடிவாச் செய்யப்போகினம்?"

"செய்யச் சொல்லேல்லை. இருக்கச் சொல்லுறன்."

"நான் பஸ் ஓடுறவன் ரீச்சர். உந்தக் கயிறு முடிச்சு எனக்கென்ன தெரியும்?"

"இவ்வளவு காலமும் செய்தவர் ரயில் ஓடினவர்."

"அவையள் பிறக்கேக்கையே பனிச் சறுக்குக் கட்டையோடை பிறக்கிற ஆக்கள்." சிரித்தார். "நனையாதேங்கோ, உள்ளுக்குப் போங்கோ. காய்ச்சல் வரப்போகுது."

எனக்குக் காய்ச்சல் வந்தால் கூட்டம் நடக்காது என்பதை அவரும் அறிவார். கண்ணாடி மேலே ஏறியது.

அடுத்த காரில் ஒரு தாய். வெஸ்ட்லியில் இருந்தவர், இப்போது லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போயும், மகனை இந்தக் குழுவுக்கே கொண்டுவருகிறவர். முன் இருக்கையைப் பின்னால் சாய்த்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழும்பினார்.

"இருங்கோ, இருங்கோ."

நான் கேட்டதை முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "செவ்வாய் கணக்கு ரீச்சர். வெள்ளி வயலின். சனி தமிழ்ப் பள்ளிக்கூடம். ஞாயிறு நடனம். மிச்ச நேரம் வேலை. கிழமையில இந்த ஒண்டரை மணித்தியாலம்தான் என்னை ஒருத்தரும் கூப்பிடாத நேரம்."

"காலை நீட்டிக்கொண்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டு மற்றக் கார்களுக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் மரியாதையாகத்தான் பதில் வந்தது.

மிஞ்சியிருந்தது ஆண்டுக் கூட்டம். குழுவின் யாப்பு விதிகள் சொல்கிறபடி உரிய காலத்துக்கு முன்பே அழைப்பை அனுப்பினேன். ஐந்தாவது விடயம்: இரண்டாவது பெரியவரைத் தெரிவு செய்தல். யாரும் கிடைக்காவிட்டால் குழு இயங்க முடியாது என்பதை நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் எழுதி, கீழே கோடு போட்டு, ஒவ்வொருவருடைய வருகையும் அவசியம் என்று சேர்த்தேன்.

வந்தார்கள். முன்னைய ஆண்டுகளில் நானும் ரயில் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் தெரிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இந்த முறை கதிரைகள் போதாமல் சலவை அறையில் இருந்து வாங்குகளை எடுத்துவந்தோம். தாய்மார் சேலையில், தகப்பன்மார் அயன் செய்த சேட்டில். ஒரு மேசை நிறைய அலுமினியத் தட்டுகளில் றோல்சும் வடையும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து நான் நம்பிவிட்டதை மறைக்கப்போவதில்லை. இத்தனை பேரில் ஒருவர். ஒரே ஒருவர்.

முதல் நான்கு விடயங்களை வேகமாகக் கடந்தேன். ஐந்தாவதை மெதுவாக வாசித்து, தமிழில் விளக்கினேன். கிழமையில் ஒரு மாலை. வருடத்தில் இரண்டு இரவு. ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருவேன். முடித்துவிட்டுப் பார்த்தேன். லோறென்ஸ்கூக் தாய் எழும்பினார். அவரா? கணக்கு, வயலின், நடனம் எல்லாவற்றையும் தாண்டியா?

"ரீச்சரைப் பற்றி எல்லாரின்ரை சார்பிலையும் ரெண்டு வார்த்தை சொல்ல விரும்புறன்" என்றார்.

அவர் இரண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. தன்னலமற்ற சேவை வந்தது. தன்னை உருக்கும் மெழுகுவர்த்தி வந்தது. பிறகு ஒரு தகப்பன் காகிதப் பையில் இருந்து பச்சைக் கரை வைத்த பொன்னாடையை எடுத்தார். இருவர் என்னை நடுவில் நிற்பாட்டினார்கள். போர்த்தினார்கள். எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். பிள்ளைகள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். ரீச்சர் ஒரு சிக்கலைச் சொல்லியிருக்கிறா. ரீச்சருக்கு மனம் சோர்ந்துபோச்சு. ஆகவே ரீச்சரைக் கௌரவிக்க வேண்டும். என் அழைப்பை அவர்கள் அப்படித்தான் வாசித்திருந்தார்கள்.

பொன்னாடையோடு நின்றபடியே திரும்பக் கேட்டேன். "சந்தோசம். ஆனால் இரண்டாவது ஆள் ஆர்?"

"ரீச்சர் விடமாட்டா" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னையில் இருந்து வந்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் தகப்பன் ஒருவர் மட்டும் கை உயர்த்தினார். "மேடம், கோஆர்டினேஷன்தான் பிரச்சினைன்னா நான் ஒரு வாட்ஸ்அப் குரூப் கிரியேட் பண்ணித் தரேன். யாருக்கு எப்ப முடியுதோ அதுல போட்டுடலாம்." அன்று மாலை ஏதாவது செய்ய முன்வந்த ஒரே மனிதர் என்ற வகையில் அவருக்கு நன்றி சொன்னேன். ஆள் மாறி மாறி வந்தாலும் ஒவ்வொருவருக்கும் நற்சான்று வேண்டும் என்றேன். "அப்படியா மேடம்" என்று அமர்ந்தார்.

பேருந்து ஓட்டுநர் பின் வாங்கில் இருந்து குரல் கொடுத்தார். "இதில கதைக்க என்ன கிடக்கு? ரீச்சரே தொடர்ந்து இருக்கட்டும். கை உயர்த்துங்கோ பாப்பம்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"அது முதலாவது ஆள். இரண்டாவது?"

"அதையும் நீங்களே பாருங்கோ ரீச்சர்."

றோல்ஸ் பரிமாறப்பட்டது. நல்ல றோல்ஸ், மிளகு கொஞ்சம் தூக்கல். ரயில் ஓட்டுநர் கண்களைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "இவ்வளவு வருடத்தில் எனக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை" என்றார். "உங்களை எவ்வளவு மதிக்கிறார்கள். யார் ஒப்புக்கொண்டது?"

"நான்" என்றேன்.

அறிக்கையில், ஐந்தாவது விடயம், எவரும் முன்வரவில்லை என்று எழுதினேன். சாரணர் மாவட்ட அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் மிகவும் அன்பாகக் கதைத்தார். இதை மூடுதல் என்று சொல்வதில்லை, குழுவை "ஓய்வில்" வைத்தல் என்று சொல்வார்கள். மாத முடிவுக்குள் ஆள் கிடைத்தால் ஒரு கடிதத்தோடு திரும்ப எழுப்பிவிடலாம். எனக்கு அந்த நடைமுறை தெரியும் என்றேன். கூடாரங்களைக் காயவைத்து மடித்தேன். கோடரிகளுக்கு எண்ணெய் பூசினேன். எல்லாவற்றையும் பக்கத்துப் பகுதிச் சாரணர் குழுவுக்குக் கொடுத்தேன். ரயில் ஓட்டுநர் ஸ்தவாங்கருக்குப் போனார். வாட்ஸ்அப் குழு அதற்குள் தொடங்கியிருந்தது. இனிக் கூட்டம் இல்லை என்று அதில் போட்டேன். வரிசையாகக் கூப்பிய கைகள் வந்தன. இரண்டு பேர் பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள்.

அடுத்த கிழமை அதே மாலை, மண்டபச் சாவியை நிர்வாகத்திடம் கொடுப்பதற்காக இறங்கி வந்தேன். மழை. தரிப்பிடம் வெறுமையாக இருந்தது. சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. பின் கதவு திறந்து, நெருப்பு மூட்டிய பெண்பிள்ளை சீருடையோடு, கழுத்துப் பட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு இறங்கினாள். இப்போது பன்னிரண்டு வயது. கதவை இழுத்துப் பார்த்தாள்.

தகப்பன் கண்ணாடியை இறக்கினார். "ஏன் ரீச்சர் பூட்டிக் கிடக்கு?"

"மூடியாச்சு."

"இண்டைக்கோ?"

"இனி."

அவர் இறங்கியே வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் காரில் இருந்து அவர் இறங்கி நான் காண்பது ஆண்டுக் கூட்டத்தோடு சேர்த்து இது இரண்டாவது தடவை. "என்ன ரீச்சர் இது? இரண்டாவது ஆள் இல்லாததாலையோ? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வந்து இருந்திருப்பனே!"

"உங்கடை கண்ணாடியில தட்டிக் கேட்டனான்."

"அது நீங்கள் பகிடிக்குக் கேக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன். ரீச்சருக்குப் பக்கத்தில இருக்க நானோ?" அவருடைய முகத்தில் உண்மையான திகைப்பு இருந்தது. பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இப்பவும் வரலாம்" என்றேன். "மாதம் முடியேல்லை. விண்ணப்பத்தை இப்பவே உங்கடை போனில நிரப்பலாம். நான் ஒரு கடிதம் எழுதினால் போதும்."

அவர் நனைந்துகொண்டு கதவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"இந்த நாளில எனக்குப் பின்னேர முறை வேலை வரப்போகுது ரீச்சர். மாத்தலாமோ எண்டு கேட்டுப் பாக்கிறன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்பதன் பொருள் எனக்குத் தெரியும். "பரிசீலனையில் உள்ளது" என்று அதையே நோர்வேஜிய மொழியில் எழுதித்தான் என் சம்பளத்தை வாங்கினேன்.

"ஓம், கேட்டுப் பாருங்கோ" என்றேன்.

"ஏறுங்கோ, வீட்டை விடுறன். நனையுறியள்."

என் கட்டடம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஏறினேன். முன் இருக்கை சூடாக இருந்தது. இத்தனை குளிர்காலமும் இவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்பது அந்தச் சூட்டில் பாதி விளங்கியது. பின்னால் ஈரக் கம்பளிச் சட்டையும், கழுத்துப் பட்டியில் பழைய புகையும் மணந்தன. வீட்டில் தாய் அந்த மணத்துக்குக் குறைப்படுவா என்று அவள் முன்பு சொல்லியிருக்கிறாள். துவைத்தும் போகவில்லை போலும். நான் இடுப்புப் பட்டியைப் போட்டேன். இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை. ஒருவருடைய நற்சான்று மட்டும் குறை.

கார் மெதுவாகத் திரும்பியது.

"ரீச்சர்," என்றாள் பின்னால் இருந்து, "அடுத்த கிழமை ஸ்பைடர் இருக்கா?" சாரணருக்கு அவர்கள் எல்லோரும் அந்த நோர்வேஜியச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் சொன்னார்: "இருக்கும், இருக்கும். ரீச்சர் பாத்துக்கொள்ளுவா."

என் கட்டடம் வந்துவிட்டது. இறங்கினேன்.